ஒரே பாவில் பல நெசவு: மேசைத்தறிக் குறிப்புகள்

வெள்ளைப் பாவு (நீளவாக்கு இழைகள்), நீல ஊடை (குறுக்கிழை), நான்கு விழுதுச் சட்டம் (பாவு இழைகளைக் கண்ணில் கோத்துத் தூக்கும் நூல் விழுதுகள் கொண்ட சட்டம்). இவற்றை மாற்றாமலே சாதா நெசவு, மேட்டி, ட்வில் (சாய்வுக் கோடு விழும் நெசவு), உடைத்த ட்வில், தேன்கூடு எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் நெய்து, துவைத்து, அளந்து பார்த்தாயிற்று. நெசவு வகைகளைப் பற்றிப் படிக்கும்போது எந்தச் சட்டத்தை எப்போது தூக்குவது என்ற கட்டம் போட்ட படம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அங்குலத்துக்கு எத்தனை இழை வைத்து நெய்தார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. துணியின் குணத்தில் பாதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று தறியில் உட்கார்ந்த பிறகு புரிந்தது. அதனால் தூக்கு வரிசையோடு இழை நெருக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தறி மேசைமேல் வைக்கிற அளவு. தறிச்சட்டம் 24 அங்குல அகலம், அச்சு (பாவு இழைகளை இடைவெளி விட்டு நிறுத்தி ஊடையை அடிக்கும் சீப்பு) 18 அங்குலம். பழைய கதவு நிலையை அறுத்த தேக்கு என்பதால் வளைவு வரவில்லை. மிதிகட்டை கிடையாது. மேலே நான்கு கைப்பிடிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு சின்னக் கப்பிகள் வழியாகப் போய் ஒரு சட்டத்தைத் தூக்கும். கைப்பிடியை இழுத்துக் காடியில் மாட்டினால் சட்டம் மேலேயே நிற்கும், இரண்டு கையும் நாடாவுக்கு (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) கிடைக்கும். வேகம் வராது. ஆனால் எந்தச் சட்டத்தை எதோடு வேண்டுமானாலும் சேர்த்துத் தூக்கலாம். மிதித் தறியாக இருந்தால் நெசவு மாறும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். மாதிரி போட்டுப் பார்க்க மேசைத்தறிதான் வசதி.

பாவு சுற்றியிருக்கும் பின் உருளையை நிறுத்தும் ஏற்பாடு ஒருமுறை மாறியது. முதலில் இரண்டரை அங்குல உருளையின் முனையில் எட்டு ஓட்டை போட்டு ஆணி செருகினோம். ஓர் ஓட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாவு கிட்டத்தட்ட ஓர் அங்குலம் நகரும். ஒன்று தொய்வாக இருக்கும், இல்லையென்றால் இழை அறும் அளவுக்கு விறைக்கும். பிறகு லேத் பட்டறையில் 6 மி.மீ. தகட்டில் 32 பல் உள்ள சக்கரம் வெட்டி வாங்கி, ஒரு கொக்கியை வைத்தோம். இப்போது கால் அங்குலம் கால் அங்குலமாக விறைப்பை ஏற்றலாம். தறி செய்கிறவர்கள் மரத்தில் மிச்சம் பிடித்தாவது இந்தச் சக்கரத்துக்குச் செலவு செய்யுங்கள்.

விழுது வீட்டிலேயே கட்டினேன். ஒரு பலகையில் நான்கு ஆணி: மேல் முனை, கண்ணின் இரு பக்கம், கீழ் முனை. உயரம் 10 அங்குலம், கண் 12 மி.மீ. மீன்வலைக்கு விற்கிற பின்னல் நைலான் நூல் வழுக்காமல் நிற்கிறது. முடிச்சின் நுனியை ஊதுபத்தி நெருப்பில் காட்டினால் உருகி இறுகிவிடும். எல்லாக் கண்ணும் ஒரே உயரத்தில் அமைய வேண்டும். இரண்டு மி.மீ. இறங்கிய விழுது ஒன்று இருந்தாலும் நாடா போவதற்காக மேல், கீழ் இழைகளுக்கு நடுவில் வாய் திறக்கும்போது அந்த இழை நடுவில் தொங்கும், நாடா அதில் போய் இடிக்கும்.

நூல் 2/20 பருத்தி. கரூர், சென்னிமலைப் பக்கம் நன்றாகப் புழங்குகிற நூல்தான். 20 நம்பர் என்றால் 840 கஜச் சிட்டம் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடை. அந்த இழை இரண்டை முறுக்கியது 2/20, ஆகவே பத்துச் சிட்டம் ஒரு பவுண்டு. மீட்டரில் சொன்னால் கிலோவுக்கு 16,900 அளவில் வரும். முறுக்கிய இரட்டை இழை என்பதால் கஞ்சி போடத் தேவைப்படவில்லை. ஒற்றை இழையைப் பாவாகப் போடுவதானால் கஞ்சி இல்லாமல் முடியாது, அச்சு உரசிப் பிசிர் கிளம்பிவிடும்.

நெருக்கத்துக்கு நான் நம்புவது ஸ்கேலில் சுற்றிப் பார்ப்பதை. நூலை நசுக்காமல், இடைவெளி விடாமல் ஸ்கேல்மேல் சுற்றி ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். இந்த நூலுக்கு 64 வந்தது. சாதா நெசவில் ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் ஊடை ஒருமுறை ஏறி இறங்குகிறது, அதற்கும் இடம் வேண்டும். ஆகவே பாதி: 32. ஊடை இரண்டு இழைமேல், இரண்டின் கீழ் போகும் இரண்டுக்கு இரண்டு ட்வில்லில் நான்கு இழைக்கு இரண்டு இடத்தில்தான் ஊடை மேலும் கீழும் மாறுகிறது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு: 42, 43.

வாங்கியது 32 நம்பர் எஃகு அச்சு. அச்சு நம்பர் என்பது இரண்டு அங்குலத்தில் இருக்கும் கண்களின் எண்ணிக்கை. கண்ணுக்கு இரண்டு இழை கோத்தால் அந்த நம்பரே அங்குலத்துக்கு இழைக் கணக்காகவும் வந்துவிடும், அதுதான் இந்த முறையில் இருக்கிற சௌகரியம். 12 அங்குல அகலத்துக்கு 384 இழை. 5 மீட்டர் நீளம் போட்டால் 1,920 மீட்டர். பாவுக்கு மட்டும் 115 கிராம் நூல் போதும்.

கோர்வைத் திட்டம், அதாவது எந்த இழை எந்தச் சட்டத்து விழுதில் என்ற வரிசை, இது. இடப்பக்கம் 192 இழை நேர் வரிசை: 1, 2, 3, 4, மறுபடி 1. வலப்பக்கம் 192 இழை கூர்முனை வரிசை: 1, 2, 3, 4, 3, 2, மறுபடி 1. இதில் ஒரு கணக்கைக் கோக்கும் முன்பே போட வேண்டும். 384ஐ நான்கால் வகுத்துச் சட்டத்துக்கு 96 விழுது என்று கட்டினால் பாதியில் நின்றுவிடும். கூர்முனையில் ஒவ்வொரு ஆறு இழைக்கும் இரண்டாம், மூன்றாம் சட்டம் இரண்டிரண்டு எடுக்கின்றன; முதலும் நான்காவதும் ஒவ்வொன்றுதான். மொத்தத்தில் 80, 112, 112, 80. நான் சட்டத்துக்கு நூறு நூறாகக் கட்டி வைத்திருந்ததால் நடுச் சட்டங்களுக்குப் பாதிக் கோர்வையில் உட்கார்ந்து விழுது சேர்த்தேன்.

கோத்து முடித்ததும் முதல் வேலை சாதா நெசவு. 1ம் 3ம் தூக்கி ஓர் ஊடை, 2ம் 4ம் தூக்கி ஓர் ஊடை. கோர்வையில் தவறு இருந்தால் இரண்டு விரற்கடை நெய்வதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்: பக்கத்துப் பக்கத்து இழைகள் ஜோடியாக எழும்பும். எனக்கு வலப்பக்கத்தில் ஓர் இடம் அப்படி நின்றது. முழுவதையும் அவிழ்க்க வேண்டாம். தவறிய இழையை மட்டும் விழுதிலிருந்து உருவி, சரியான சட்டத்தின் மேல்கம்புக்கும் கீழ்கம்புக்கும் நடுவில் ஒரு நூல் விழுது புதிதாகக் கட்டி, அதில் கோத்தால் போதும்.

அங்குலத்துக்கு 32 இழையில் சாதா நெசவு அருமையாக வந்தது. ஊடை 29, 30 விழுந்தது. வேட்டியும் லுங்கியும் கைக்குட்டையும் இந்த நெசவுதான். கையில் பிடித்தால் உடனே பழகிய துணியாக இருந்தது. அடுத்து அதே நெருக்கத்தில் மேட்டி. பள்ளித் தையல் வகுப்பில் குறுக்குத்தையல் போடக் கொடுப்பார்களே, அந்தத் துணியின் வகை. நேர் வரிசைப் பாதியில் 1ம் 2ம் தூக்கி இரண்டு ஊடை, 3ம் 4ம் தூக்கி இரண்டு ஊடை. படத்தில் சுலபம். தறியில் ஒரே வாயில் இரண்டாவது ஊடையைத் திருப்பி விட்டால், ஓரத்தில் பிடிப்பு இல்லாமல் முதல் ஊடை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடுகிறது.

இதற்கு வழி: இரண்டு ஓரத்திலும் எந்த விழுதிலும் கோக்காத தனி இழை ஒன்று. அச்சு வழியாக மட்டும் வரும். பின்பக்கம் உருளையில் சுற்றாமல், கால் பாகம் மணல் போட்ட அரை லிட்டர் பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். வாய் திறக்கும்போது அது மேலேயும் போகாது, கீழேயும் போகாது, நடுவில் நிற்கும். நாடா உள்ளே நுழையும்போது அதன் மேலாக, வெளியேறும்போது அதன் கீழாக. அவ்வளவுதான், எந்த நெசவானாலும் ஓரம் கட்டிக்கொள்ளும். ட்வில்லுக்கும் இதே வைத்தியம்தான்.

ஓரம் சரியானது, துணி சரியாகவில்லை. 32 இழையில் மேட்டி சல்லடையாக இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் இழைகள் ஜோடி ஜோடியாக நகர்ந்தன. ட்வில்லும் அதே கதை. 1-2, 2-3, 3-4, 4-1 என்று தூக்கினால் சாய்வுக் கோடு வருகிறது, ஆனால் ஊடை எவ்வளவு தட்டினாலும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அங்குலத்துக்கு 40 ஊடை விழுந்துவிட்டது. பாவு 32, ஊடை 40 என்றால் கோடு படுத்துவிடும். கோணமானி வைத்துப் பார்த்தேன், 38, 39 பாகையில் நின்றது. ட்வில் துணியைக் கையில் எடுக்கும்போது எதிர்பார்க்கிற விறைப்பு அதில் இல்லை.

40 நம்பர் அச்சு வாங்கிவரலாம் என்று கிளம்பினேன். பக்கத்துத் தெருவில் ஆயுள் முழுக்கப் போர்வைத் தறியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாதிரியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, இதுக்கெதுக்கு வேற அச்சு? ஒரு கண்ணுல ரெண்டு, அடுத்த கண்ணுல மூணு, இப்படியே மாத்தி மாத்திக் கோத்துப் போடு" என்றார். அங்குலத்தில் 16 கண். இரண்டும் மூன்றும் மாறி மாறிக் கோத்தால் சரியாக 40. விழுதில் கை வைக்க வேண்டியதில்லை. நெய்ததை வெட்டி எடுத்து, அச்சிலிருந்து மட்டும் இழைகளை உருவி, மறுபடி கோத்து முன் உருளையில் கட்டினால் முடிந்தது. ஒவ்வொரு முறையும் 25 செ.மீ. பாவு வீணாகும். புது அச்சின் விலையைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

40 இழையில் ட்வில் வேறு துணியாகிவிட்டது. ஊடையும் 40 விழுந்தது, கோடு 45 பாகையில் ஏறியது. ஒற்றைப்படை இரட்டைப்படையாகக் கண்களில் கோத்ததால் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. துவைத்ததும் காணாமல் போயின. வலப்பக்கக் கூர்முனைப் பாதியில் அதே தூக்கு வரிசை வளைந்து வளைந்து மலைமுகடு வரிசையாக வந்தது. தூக்கு வரிசையையும் நடுவில் திருப்பினால் அந்தப் பாதியில் வைரக்கட்டம். ஒரு கூடுதல் வேலையும் இல்லாமல் கிடைக்கிற இந்த வைரக்கட்டத்துக்காகவே பாவில் பாதியைக் கூர்முனையாகக் கோக்கலாம். ட்வில் வரிசையைத் திருப்பிப் போட்டபோது இன்னொன்றும் கவனித்தேன். ஒரு பக்கம் சாயும் கோடு கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் சாயும் கோடு சற்று மங்கலாகவும் விழுகிறது. நூலின் முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிராகப் போகிற கோடுதான் எடுப்பாகத் தெரியும்.

ஒவ்வொரு சட்டமாகத் தூக்கினால், அதாவது 1, 2, 3, 4 என்று, ஊடை மூன்று இழைமேல் போய் ஒன்றின் கீழ் நுழையும். மேல்பக்கம் நீலம் ஓங்கி நிற்கும், திருப்பினால் வெள்ளை. ஜீன்ஸ் இதே அமைப்பு, நிறம் மட்டும் தலைகீழ்: அங்கே பாவு நீலம், ஊடை வெள்ளை, பாவு மேலோங்கிய பக்கம் வெளியே. ஜீன்ஸின் உட்புறம் ஏன் வெளுத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

அடுத்து வழவழப்பான சாட்டின். உண்மையான சாட்டினுக்குக் குறைந்தது ஐந்து சட்டம் வேண்டும்; கட்டும் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் சிதறியிருக்க நான்கில் இடமில்லை. நான்கில் செய்ய முடிந்தது, ட்வில்லை உடைப்பது: 1, 2, 4, 3. சாய்வுக் கோடு அறுந்து, பரப்பு வழவழப்பாகும். சில ஜீன்ஸ்களிலும் இந்த உடைத்த ட்வில் உண்டு. சாய்வு ஒரே பக்கம் இழுக்காததால் துவைத்தபின் கால் முறுக்கிக்கொள்ளாது. பளபளப்புப் பக்கத்தில் பாவு மேலோங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊடைக்கும் மூன்று சட்டம் தூக்க வேண்டும், கை ஓய்ந்துவிடும். அதற்குப் பதில் ஒன்றை மட்டும் தூக்கித் துணியைக் கவிழ்ந்த நிலையில் நெய்யலாம், நல்ல பக்கம் கீழே உருவாகிக்கொண்டிருக்கும். ஒரு சின்னக் கண்ணாடியைத் தறிக்கு அடியில் சாய்த்து வைத்து அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

40 இழையில் இதில் ஊடையின் நீலம் வெள்ளைக்கு நடுவே எட்டிப் பார்த்தது. கண்ணுக்கு மூன்று கோத்து 48 ஆக்கியதும் நீலம் மறைந்து வெள்ளைப் பரப்பு மூடிக்கொண்டது. ஆனால் 384 இழை இப்போது 8 அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. பின் உருளையில் அதே பாவு 12 அங்குலம் விரிந்து கிடக்கிறது. ஓர இழைகள் சாய்வாக இழுபட்டு, விழுதிலும் அச்சிலும் உரசி, இரண்டு பக்கமும் அறுந்தன. ஓரத்தில் எட்டெட்டு இழையைக் கழித்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. 32இலிருந்து 40 வரை அச்சை மட்டும் மாற்றிக் கோப்பது தாங்கும். 48 வேண்டுமென்றால் பாவையே அந்த அகலத்தில் சுற்ற வேண்டும்.

தேன்கூட்டை 40இலேயே நெய்துவிட்டேன். கூர்முனைப் பாதிக்கான தூக்கு வரிசை: 1; 2; 1-3; 1-2-4; 1-3; 2. ஆறு ஊடைக்கு ஒரு சுற்று. முதல் ஊடை ஐந்து இழைமேல் மிதந்து போகும். நான்காம் சட்டத்து இழையோ பின்பக்கம் ஐந்து ஊடைக்கு மிதக்கும். இந்த மிதப்புகள் சுருங்கிக் கரையாக எழும்ப, நெருக்கமாகக் கட்டிய இடம் குழியாக இறங்குகிறது. இதெல்லாம் தறியில் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விறைத்த பாவில் அது தட்டையாக, கோடு கோடாக, எங்கோ பிழைத்த துணியாகத்தான் தெரிந்தது. வெட்டி எடுத்ததும் கொஞ்சம் உப்பியது. வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, இஸ்திரி போடாமல் நிழலில் காயவைத்ததும் குழிகள் ஒவ்வொன்றும் கடுகு உட்காரும் ஆழத்துக்கு எழும்பிவிட்டன. தண்ணீரை உறிஞ்சும் வேகமும் சாதா நெசவைவிட வெகு அதிகம். சமையலறைத் துண்டுக்கு இதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒருமுறை கை துடைத்தாலே தெரிகிறது.

அந்தத் துண்டின் இடப்பக்கம், நேர் வரிசைப் பாதி, அவ்வளவு சுருங்கவில்லை. அதனால் நடுக்கோட்டில் துணி நெளிந்து எழும்பிவிட்டது. இரண்டு வகைக் கோர்வையை அருகருகே வைப்பது மாதிரிப் பார்வைக்கு மட்டும்தான். பயன்படுத்தும் துணியில் சுருக்கம் ஒத்துப்போகிற நெசவுகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும்.

தறியில் இருக்கும்போதே ஒவ்வொரு மாதிரியிலும் 20 செ.மீ. நீளத்துக்குக் கலர் நூலால் அடையாளம் தைத்திருந்தேன். துவைத்தபின் சாதா நெசவு 18.6, உடைத்த ட்வில் 18.4, ட்வில் 18.2. தேன்கூடு 15.6.

ஒன்று மட்டும் வரவே இல்லை. பவானி ஜமக்காளத்தில் பாவே கண்ணுக்குத் தெரியாமல் ஊடை மூடி நிற்கும். அதுவும் சாதா நெசவுதான், பாவை அகலமாக விட்டு, தடித்த ஊடையை இறுக்கி அடிப்பதால் அப்படி ஆகிறது. பாவு முடியும் இடத்தில் 1-2, 3-4 என்று ஜோடியாகத் தூக்கி, நான்கு நூலைச் சேர்த்து ஊடையாக விட்டுப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் மறையவில்லை. பாவு நெருக்கம் அதற்கு மிக அதிகம், மேசைத்தறியின் அச்சுப் பலகையில் கனமும் போதாது. பலகையின் அடியில் ஒரு கிலோ இரும்புப் பட்டை திருகி, கண்ணுக்கு ஓர் இழை வீதம் ஒன்றுவிட்டு ஒரு கண்ணில் கோத்துத் தனியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

செலவு: தச்சுக்கூலியும் மரமும் சேர்ந்து 7,000 ரூபாய் அளவில். பல்சக்கரங்கள், கொக்கி 1,200. அச்சு 900. விழுது நூல், கப்பி, கயிறு 500. பாவும் ஊடையும் சேர்த்து நூல் கால் கிலோவுக்குள் முடிந்துவிட்டது, நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் கடையில் சில்லறையாகக் கொடுக்க மாட்டார்கள், ஒரு கட்டாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அடுத்த பாவு முழுக்கத் தேன்கூடு. குழி பெரிதாக வேண்டும் என்பதால் 2/10 நூல். ஸ்கேலில் சுற்றினால் 45 வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு 30, இதே 32 அச்சில் கண்ணுக்கு இரண்டு கோத்தால் பொருந்தும். விழுது எண்ணிக்கையில் இரண்டாம், மூன்றாம் சட்டத்துக்கு மற்றவற்றைப்போல் இரட்டிப்பு. துண்டு 70 செ.மீ. நீளம் நிற்க வேண்டுமானால் தறியில் 90 செ.மீ. நெய்ய வேண்டும். முனை மடிப்புக்குச் சாதா நெசவு போட்டால் அது விரிந்தும் நடுப்பகுதி ஒடுங்கியும் நிற்கும். ஆகவே மடிப்பையும் தேன்கூட்டிலேயே, ஊடையை மட்டும் 2/20 ஆக மாற்றி, மூன்று செ.மீ. நெய்வதாக இருக்கிறேன்.